எக்ஸிமா: கடையில் கேட்டு வாங்கும் ட்யூபும் மற்ற தவறுகளும்

எங்கள் குடியிருப்புக்குக் கைக்குழந்தையோடு புதிதாக வந்திருக்கும் பெண், போன வாரம் ஒரு ட்யூபைக் காட்டி, "அக்கா, இதைப் போட்டா ரெண்டே நாள்ல சரியாயிடுது, விட்டா மறுபடி வந்துடுது" என்றாள். என் மகன் சின்னவனாக இருந்தபோது நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தில் அவன் கன்னத்தில் தொடங்கிய எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், அப்புறம் முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இறங்கியது. சொறியக் கூடாது, கம்பளி போடக் கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் ஏமாந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கடையில் கேட்டு வாங்கும் ட்யூப்

மருந்துக்கடையில் மகனின் கையைக் காட்டினேன். பார்த்ததுமே ஒரு ட்யூபை எடுத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தினேன், ஒரே வாரத்தில் முன்னைவிடச் சிவந்து வந்தது. மறுபடி அதே ட்யூப். இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. க்ளோபெட்டசால் 0.05%, அதோடு பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து. என்ன நோயென்று தெரியாவிட்டாலும் எதற்காவது கேட்கட்டும் என்கிற கலவை அது. சிவப்பையும் அரிப்பையும் அடக்கப் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே ஆக வீரியமான வகை க்ளோபெட்டசால். வந்திருப்பது எக்ஸிமா இல்லாமல் படர்தாமரையாக இருந்தால் இன்னும் மோசம்: மேலே சிவப்பு அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே போகும்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முழங்கை மடிப்பை இரண்டு விரலால் லேசாகக் குவித்தார். வெங்காயச் சருகு மாதிரி தோல் சுருங்கியது. "எத்தனை ட்யூப்மா முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டீராய்டால் தோல் மெலிந்து அங்கே விழுந்த வரிகள் அவன் கையில் இன்றும் இருக்கின்றன.

2018-இல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. பவுடர் டப்பா மாதிரி அதை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பயந்துபோய் அடுத்த தவறையும் செய்தேன். ஸ்டீராய்டு என்ற பேச்சே வேண்டாம் என்று, மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் பூசாமல் வைத்துவிட்டேன். பிள்ளை இரவெல்லாம் சொறிந்தான். தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள், புண்ணில் தேன் நிறப் பொருக்கு, கிருமி தொற்றிவிட்டது. சரியாகப் பயன்படுத்தினால் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போன்ற மென்மையானது, தடித்த இடத்துக்குக் கொஞ்சம் வீரியமானது, எத்தனை நாள் பூச வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் மருத்துவர் எழுதித் தர வேண்டும். பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

கரப்பான் பண்டம்

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். நானும் நிறுத்தினேன். பிள்ளை இளைத்தான், அரிப்பு அப்படியே இருந்தது. சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கும். அதை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும், பக்கத்து வீட்டுப் பாட்டி இல்லை.

மாய்ஸ்சரைசரில் சிக்கனம்

எக்ஸிமா தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, அதனால்தான் வறண்டு அரிக்கிறது. நானோ பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்க என்றால் சின்னப் பிள்ளைக்கே வாரத்துக்கு 250 கிராம் ஆகலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும்.

கடலை மாவு, சீயக்காய், குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி

வேண்டாம்.

ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்குவது

எக்ஸிமா ஒட்டாது. பள்ளியில் ஆசிரியரிடம் நீங்களே முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே அளவுக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து குழிப்புண்ணாகி, காய்ச்சலும் இருந்தால், ஹெர்பிஸ் கிருமி பரவியிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.