ரேடார் வழிகாட்டல்: கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், ஏவுகணை இலக்கைத் தேடிச் செல்வதைக் கணினியில் ஓட்டிக் காட்டும் குழு ஒன்றாவது அங்கே இருக்கிறது. யெலஹங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் அவர்கள் பேச்சில் தெரியும். அந்த உற்சாகம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டிகிரியையும் ரேடியனையும் குழப்புவது போன்றவை முதல் ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா ஏவுகணைகளின் முனையிலும் ரேடார் இருப்பதாக எண்ணுவது

ஆகாஷ் ஏவுகணையின் முதல் வடிவத்தில் இலக்கைத் தேடும் ரேடார் (சீக்கர்) கிடையாது. தரையிலுள்ள ராஜேந்திரா ரேடார் இலக்கையும் ஏவுகணையையும் சேர்த்துப் பின்தொடர, எப்படித் திரும்ப வேண்டும் என்ற கட்டளை தரையிலிருந்தே செல்கிறது. அமெரிக்காவின் ஸ்பாரோ வேறு வகையைச் சேர்ந்தது: ஏவிய விமானம் இலக்கின் மீது அலைகளைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க, எதிரொலியை மட்டும் ஏவுகணை வாங்கிக்கொள்கிறது. அஸ்திரா தன் முனையில் சொந்த ரேடாரைச் சுமந்து, இறுதிக் கட்டத்தில் தானே தேடுகிறது. எந்த வகையை ஓட்டிக் காட்டுகிறோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதாத அறிக்கையில் அதன்பின் வரும் சமன்பாடுகளைச் சரிபார்க்க வழியே இல்லை.

இலக்கு இப்போது இருக்கும் இடத்தை நோக்கியே பாய்வது

துரத்தல் வளைகோட்டைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் பூகே 1732-லேயே ஆராய்ந்துவிட்டார். எப்போதும் இலக்கையே நோக்கித் திரும்புகிற ஏவுகணை, பெரும்பாலும் அதன் வாலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, கடைசி நொடிகளில் தன்னால் இயலாத அளவுக்குக் கூர்மையாகத் திரும்ப வேண்டியதாகிறது. ஆகவே இலக்கைத் துரத்தாமல், இருவரும் சந்திக்கப்போகும் புள்ளியை நோக்கிச் செல்ல வேண்டும்.

அந்தப் புள்ளியைக் கணித்துத் தேட வேண்டியதில்லை. ஏவுகணையையும் இலக்கையும் இணைக்கும் பார்வைக்கோடு சுழலாமல் இருக்க, இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் உறுதி. கோடு சுழலத் தொடங்கினால், அது சுழலும் வேகத்தைப் போலச் சில மடங்கு வேகத்தில் ஏவுகணை தன் பாதையைத் திருப்ப வேண்டும். இதுவே புரப்போஷனல் நேவிகேஷன். அந்த மடங்கு வழக்கமாக 3 முதல் 5 வரை. லார்க் என்ற அமெரிக்க ஏவுகணை 1950-இல் இம்முறையில் தன் இலக்கை இடைமறித்தது.

கோணத்தை ஏவுகணையின் மூக்கிலிருந்து அளப்பது

எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். எங்கள் தலைமுறையும் சறுக்கிய இடம் என்பதால், மீண்டும் காணும்போது மனம் இன்னும் பொறுப்பதில்லை.

ஒரு கல்லூரியில் தமிழ் மாணவர்கள் நால்வர் தங்கள் வரைபடத்தைக் காட்டினார்கள். விதியைச் சரியாக எழுதியிருந்தார்கள். ஆயினும் ஏவுகணை வாலைப் பிடித்துக்கொண்டே ஓடியது. "மடங்கை 4-லிருந்து 10, 20 என்று ஏற்றிப் பார்த்துவிட்டோம், சார், மாறவே இல்லை" என்றார் ஒருவர். அரைப் பருவம் அதிலேயே கழிந்திருந்தது.

மடங்கில் குறையில்லை. பார்வைக்கோட்டின் கோணத்தை அவர்கள் ஏவுகணையின் உடலச்சிலிருந்து அளந்திருந்தார்கள். அப்படி அளந்தால், ஏவுகணை திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் திருப்பமே அளவிலிருந்து கழிந்துவிடுகிறது. உடல் பாதையோடு சேர்ந்தே திரும்புவதாக வைத்துக்கொண்டால், N என்று கொடுத்த மடங்கு நடைமுறையில் N/(N+1) ஆகச் சுருங்கும்: 4 கொடுத்தால் 4/5, 20 கொடுத்தால் 20/21. எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றைத் தாண்டாது; மடங்கு ஒன்று என்பதோ இலக்கை அப்படியே துரத்துவதற்குச் சமம். அதாவது, முந்தைய தலைப்பில் கைவிட்ட முறைக்கே தெரியாமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

மாலுமிகள் இதை நன்கு அறிவார்கள். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், நெருங்கி வரும் கப்பலின் திசைகாட்டித் திசை மாறாதிருந்தால் மோதல் அபாயம் உண்டு என்கின்றன. திசைகாட்டித் திசை என்று அவை குறிப்பிட்டுச் சொல்வதைக் கவனியுங்கள். கப்பலின் முன்முனையான அணியத்திலிருந்து அளந்தால், நம் கப்பல் சற்றே திரும்பினாலும் அந்தக் கோணம் மாறிவிடும். ஏவுகணையில் திசைகாட்டியின் இடத்தில், திருப்பத்தை உணரும் கருவியான ஜைரோ இருக்கிறது. சீக்கரின் ஆன்டெனாவைக் கிம்பல் என்னும் சுழலும் தாங்கியின் மீது ஏற்றி, உடலின் அசைவு அதைத் தொடாதபடி ஜைரோவின் துணையோடு நிலைநிறுத்துகிறார்கள். உடலோடு இறுகப் பொருத்தப்பட்ட சீக்கராக இருந்தால், உடல் திரும்பும் வேகத்தை ஜைரோவால் அளந்து கணக்கில் கூட்டிவிடுகிறார்கள்.

அந்த நால்வரும் கோணத்தை மாறாத ஒரு திசையிலிருந்து அளக்கும்படி ஒரு வரியை மாற்றி, மடங்கை மீண்டும் 4-இல் வைத்து ஓட்டினார்கள். பாதை ஏறக்குறைய நேர்கோடானது. உங்கள் நிரலிலும் மடங்கைத் தொடுமுன், கோணம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள்.

டாப்ளரில் இரண்டை மறப்பது

இலக்கு நெருங்குவதால் எதிரொலியின் அதிர்வெண்ணில் வரும் மாற்றமே டாப்ளர். அலை போய்த் திரும்புவதால் அது இரு மடங்காகிறது: 10 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 300 மீட்டர் நெருங்கும் வேகத்துக்கு மாற்றம் 20 கிலோஹெர்ட்ஸ், 10 அல்ல.

தூரம் இரட்டித்தால் எதிரொலி கால்பங்காகும் என்பது

ஒரே ரேடார் அனுப்பி வாங்கும்போது, போகையில் கால்பங்கு, திரும்புகையில் அதில் கால்பங்கு என எதிரொலியின் வலிமை பதினாறில் ஒரு பங்காகும்.