கண்ணீர் வழிகிறதா? துளி மருந்துக்கு முன் வழியைப் பாருங்கள்

காலபோக வெட்டுத் தொடங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயலுக்குப் போய் வருபவர்களின் கண் சிவந்து கலங்கியிருக்கும். வெட்டு மெசின் கிளப்பும் தூசியும் நெல் சுணையும் அப்படி. உடனே பாமசியில் ஒரு துளி மருந்து. பிறகு அதே போத்தல் கைக்குழந்தைக்கும் போகும், சில வீடுகளில் கன்றுக்குட்டிக்கும் போகும். ஏன் வழிகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

கண்ணீர்ச் சுரப்பி மேல் இமைக்குள், காதுப் பக்க மூலையில் இருக்கிறது. இமைக்கும்போதெல்லாம் நீர் கண்ணில் பரவி, மூக்கோரமாக மேல் இமையிலும் கீழ் இமையிலும் உள்ள ஊசிமுனைத் துளைகளுக்குள் போகிறது. அங்கிருந்து ஒரு சிறு பை, பிறகு குழாய், கடைசியில் மூக்கு. அழுதால் மூக்குச் சிந்த வேண்டி வருவது இதனால்தான். ஆகவே கண் வழிந்தால் ஒன்றில் வரத்துக் கூடியிருக்கும், இல்லையென்றால் போக்கு அடைபட்டிருக்கும். துருசு அடைபட்டால் சின்ன மழைக்கே குளம் வான் பாயுமல்லவா?

கைக்குழந்தைகளில் பெரும்பாலும் அடைப்புத்தான். குழாயின் கீழ் முனையில் உள்ள மெல்லிய சவ்வு பிறக்கும்போது திறந்திருக்காது. கண் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் நீர் வழியும், காலையில் பீளை கட்டும். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும் வேண்டாம். அம்மம்மா சொன்னாலும் வேண்டாம். அவை சவ்வைத் திறக்காது, கிருமியை வேண்டுமானால் உள்ளே கொண்டுபோகும். கையைக் கழுவி, கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் இடையே விரலை வைத்து மெல்ல அழுத்திக் கீழ்நோக்கி நீவலாம். கண்முழியை அழுத்தக் கூடாது. முதல் தடவை கிளினிக்கில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் வடிந்தால் அது வேறு கதை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பார்வையே போகக்கூடும். எந்த வயதிலும் உள்மூலையில் சிவந்த வலியுள்ள கட்டி வந்தால் பிதுக்க வேண்டாம். அது கண்ணீர்ப் பையில் பிடித்த கிருமி.

பெரியவர்கள் செய்யும் தவறுகளில் மோசமானது, உமியோ நெற்தாளோ கீறிய கண்ணுக்கு யாரோ பாவித்து மிச்சம் வைத்த ஸ்டீரொய்ட் துளியை விடுவது. பயிர் கீறிய புண்ணில் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். ஸ்டீரொய்ட் சிவப்பை மட்டும் தணித்துவிட்டு, பூஞ்சணத்தை வளர விடும். சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டு கண் வைத்தியரிடம் போங்கள். கசக்க வேண்டாம். வைத்தியர் தந்த மருந்தென்றாலும் ஒரு துளி போதும். கண்ணில் அதற்கு மேல் நிற்க இடமில்லை, மிச்சம் கன்னத்திலும் மூக்கிலும்தான் இறங்கும், தொண்டை கசப்பதும் அதனால்தான். விட்ட பிறகு கண்ணை மூடி உள்மூலையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

வயதானவர்களுக்குக் கண் வறண்டாலும் நீர் வழியும். நம்பக் கஷ்டம்தான், ஆனால் வறட்சியின் எரிச்சலே சுரப்பியைத் தூண்டிவிடுகிறது.

யானைக்கு நமக்கிருப்பது போன்ற கண்ணீர்ச் சுரப்பியும் இல்லை, மூக்குக்குப் போகும் குழாயும் இல்லை. மூன்றாவது இமையோடுள்ள சுரப்பிதான் கண்ணை நனைக்கிறது, வடிகால் இல்லாததால் நீர் கன்னத்தில் இறங்குகிறது. அதைப் பார்த்து யானை அழுகிறது என்று கிட்டப் போவது புத்தியில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையே வடிவது மதநீராக இருந்தால் இன்னும் ஆபத்து.

மாட்டுக்குக் குழாய் உண்டு. ஆனாலும் மாட்டின் கண் வழிந்தால் அடைப்பென்று நினைப்பதற்கு முன் இலையானைப் பாருங்கள். கண்ணீரை நக்க வரும் இலையான்தான் கண்புழுவையும் கண்நோய்க் கிருமியையும் மாட்டுக்கு மாடு காவுகிறது. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலோ, கருவிழியில் வெள்ளை விழுந்தாலோ வீட்டுத் துளி மருந்தை எடுக்காதீர்கள். மிருக வைத்தியர் வரும்வரை நிழலில் தனியே கட்டி, கண்ணில் இலையான் மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.