மால்டி தட்டில் 2பி பென்சில்: கோப்பியிலுள்ள காஃபினைப் பிடிப்பது எப்படி?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மாஸ் ஸ்பெக், அதாவது மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் ஆய்வகத்துக்குள் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு இது. ஆய்வகத்தில் மாதிரியை லேசரால் ஆவியாக்கி, அயனியாக்கி, நிறை பார்க்கும் மால்டி கருவி இருக்கிறது, எல்லாரும் அதில் புரதமே ஓட்டுகிறார்கள், உங்களுக்கோ சர்க்கரை, காஃபின் மாதிரி சின்ன மூலக்கூறு பார்க்க வேண்டும். அதற்குப் பிள்ளைகள் தேர்வுக்குக் கொண்டுபோகும் 2பி பென்சிலே போதும்.

வழக்கமான மால்டியில் மாதிரியை மேட்ரிக்ஸ் என்ற கரிம அமிலத்தோடு கலந்து உலோகத் தட்டில் உலர்த்துவோம். லேசரின் ஆற்றலை மேட்ரிக்ஸ் வாங்கிக்கொண்டு, மாதிரியையும் தூக்கிக்கொண்டு ஆவியாகும். தொல்லை என்னவென்றால், மேட்ரிக்ஸும் அயனியாகி, வரைபடத்தில் தன் நிறைக்கு நேரே பீக் (கூர்முனை) கொடுக்கும். சிஎச்சிஏ என்ற மேட்ரிக்ஸ் போட்டால் 172, 190, 212, 379 என்று வரிசையாக நிற்கும். காஃபினின் பீக் 195. அந்த நெரிசலில் அதைத் தேடுவது வீண் வேலை.

பென்சில் முனையில் உள்ள கார்பன், அதாவது கிராஃபைட், அங்கேதான் கைகொடுக்கிறது. கிராஃபைட் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் தாராளமாக அலைவதால், 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரோ 355 நானோமீட்டர் லேசரோ எது பட்டாலும் நன்றாக உறிஞ்சும். சில நானோவினாடி நீளும் அந்தத் துடிப்பு உடனே வெப்பமாகிறது. கிராஃபைட்டில் வெப்பம் அடுக்கின் நீளவாக்கில் வேகமாகப் பரவும். ஓர் அடுக்கிலிருந்து கீழடுக்குக்கு இறங்குவது மிக மெதுவு. அதனால் மேல்தோல் மட்டும் சட்டென்று கொதித்து, மேலே ஒட்டியிருந்த மூலக்கூறு சிதையுமுன் கிளம்பிவிடுகிறது.

லேசர்தான் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு இடிக்கும். 337 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 3.7 எலக்ட்ரான் வோல்ட்தான் ஆற்றல். பெரும்பாலான கரிம மூலக்கூறுகளை அயனியாக்க 7க்கு மேல் வேண்டும். சர்க்கரையோ அந்த ஒளியைச் சீண்டவே சீண்டாது. உண்மையில் சர்க்கரை பக்கத்தில் கிடக்கும் சோடியத்தையோ பொட்டாசியத்தையோ ஒட்டிக்கொண்டு அயனியாகப் போகிறது. காஃபின் பெரும்பாலும் ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்ளும்.

இந்த யோசனை புதிதல்ல. 1988ல் ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனத்தில் கோய்ச்சி தனாக்கா கோபால்ட் நுண்பொடியைக் கிளிசராலில் கலந்து புரதத்தைப் பறக்கவிட்டார். 2002ல் வேதியியல் நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1995ல் சன்னர், டிராட்ஸ், சென் மூவரும் கோபால்ட்டுக்குப் பதில் கிராஃபைட்டைப் போட்டார்கள். மேட்ரிக்ஸுக்குப் பதில் பரப்பின் துணையோடு லேசரால் கிளப்பும் இந்த முறைக்குச் சால்டி என்ற பெயர் அப்போது வந்தது. பிறகு கார்பனின் வேறு வடிவங்களான நானோகுழாய், கிராஃபீன் என்று விலை ஏறிக்கொண்டே போனது. பழகுவதற்குப் பென்சிலே போதும் என்பது என் கட்சி.

படி 1: மாதிரி
சிங்கப்பூரில் தேக்கா பக்கம் எந்தக் கோப்பிக் கடையிலும் ஒரு கோப்பி ஓ கோசோங், ஒரு கோப்பி ஓ கட்டிக்கொள்ளுங்கள். முன்னதில் சீனி இல்லை, பின்னதில் உண்டு. பால் கலந்தது வேண்டாம். கொழுப்பும் புரதமும் எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டையும் மையவிலக்கியில் சுற்றித் தெளிவை எடுத்து, நீரும் மெத்தனாலும் சம அளவு கலந்த கரைசலில் நூறு மடங்கு நீர்க்கச் செய்யுங்கள்.

படி 2: தட்டு
பளபளப்பாக மெருகேற்றிய புதுத் தட்டில் கிறுக்காதீர்கள், பொறுப்பாளர் விடமாட்டார். பழைய தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மெத்தனாலால் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். விரல் வியர்வையின் சோடியம் எல்லா இடத்திலும் தலைகாட்டும். மாதிரி வைக்கும் வட்டத்துக்குள் பென்சிலை லேசாக, ஒரே சீராகத் தேயுங்கள். உதிரும் தூளை ஊதித் தள்ளாமல் நைட்ரஜன் வாயுவால் அகற்றுங்கள். அது அயனி மூலத்துக்குள் போய் அமர்ந்தால் சுத்தம் செய்யும் பாடு உங்களுடையது. எச் வகை பென்சிலில் களிமண் அதிகம், பி வகையில் கிராஃபைட் அதிகம். அதனால்தான் 2பி.

படி 3: சொட்டு
ஒவ்வொரு வட்டத்திலும் 1 மைக்ரோலிட்டர். ஒரு வட்டத்தை வெறும் பென்சிலோடு விடுங்கள். அது இல்லாமல் எந்த முடிவையும் நான் நம்பமாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் சொட்டு காய நேரமாகும், ஏர்கான் அறையில் மூடி வையுங்கள். காய்ந்ததும் அன்றே ஓட்டிவிடுங்கள். காஃபின் பதங்கமாகும் பொருள், வெற்றிடத்தில் நெடுநேரம் கிடந்தால் குறைந்துபோகும்.

படி 4: லேசர்
கைப்பக்குவம் முழுவதும் இங்கேதான். பாசிட்டிவ் மோட் (நேர்மின் அயனிகளைப் பார்ப்பது), ரிஃப்ளெக்ட்ரான் (அயனிகளைத் திருப்பி அனுப்பி நிறையைத் துல்லியமாக்குவது) வையுங்கள். ஆற்றலை மிகக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பீக் எட்டிப்பார்க்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிடுங்கள். பீக் சின்னதாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போனால், 12 இடைவெளியில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு வரிசை முளைக்கும். அது கார்பன் கொத்துகள். பென்சிலே பறக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே இறக்குங்கள். அளவுதிருத்தத்துக்கு மட்டும் அந்த வரிசையை வேண்டுமென்றே வரவழைக்கலாம், ஒவ்வொன்றின் நிறையும் 12இன் மடங்காகவே நமக்குத் தெரியும்.

படி 5: வாசிப்பு
195.09 காஃபின். 233.04 தெரிந்தால் அதுவும் காஃபின்தான், பொட்டாசியத்தோடு. கோப்பி ஓவில் சீனிக்கு 365.11 சோடியத்தோடும் 381.08 பொட்டாசியத்தோடும் வரும். இரண்டுக்கும் இடைவெளி 15.97 இருக்கிறதா என்று பாருங்கள், ஆள் அதுதான் என்று உறுதியாகிவிடும். கோப்பியில் பொட்டாசியம் அதிகம், ஆகவே 381 ஓங்கி நின்றால் மிரளாதீர்கள். கோசோங்கிலும் மெல்லிய சர்க்கரைத் தடம் தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். இங்கே கோப்பிக்கொட்டையைப் பாரம்பரியமாகச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பது வழக்கம்.

பெரிய புரதங்களை இதில் முயல வேண்டாம், அதற்கு மேட்ரிக்ஸே மேல். வேலை முடிந்ததும் கிராஃபைட்டை மெத்தனால் நனைத்த துணியால் துடைத்து, தட்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து, வாங்கின இடத்தில் வைத்துவிடுங்கள்.