பி.பி. மெஷின் காட்டாத நான்காவது எண்

பி.பி. மெஷின் மூன்று எண்களைக் காட்டும். 128, 82, 74 என்று வைத்துக்கொள்வோம். நான்காவதாக ஒன்று உண்டு. அதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ஒழுங்காக அளப்பது

ஒருமுறை மாடிப்படி ஏறி வந்த கையோடு பட்டையைச் சுற்றினேன். 152 என்று வந்தது, பயந்துபோனேன். பத்து நிமிடம் கழித்து 126. அன்றிலிருந்து அவசரப்படுவதில்லை. காபியோ சிகரெட்டோ முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக்கை மேல் பட்டை வேண்டாம். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். அளக்கும்போது பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

படி 2: எண்களைப் படிப்பது

128 என்பது மேல் அளவு, சிஸ்டாலிக். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். 82 என்பது கீழ் அளவு, டயஸ்டாலிக். இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளரும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம். 74 வெறும் நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு இத்தனை என்ற கணக்கு. பலர் இதைத்தான் பல்ஸ் பிரஷர் என்று நினைக்கிறார்கள். அது வேறு.

வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலே அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

படி 3: கழிப்பது

128-இல் 82 போனால் 46. இதுதான் பல்ஸ் பிரஷர், நாடி அழுத்தம். 40-ஐ ஒட்டி இருந்தால் சரி.

படி 4: இடைவெளி என்ன சொல்கிறது

158/68 என்று வந்தால், "கீழே நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் தேடுவோம். கழித்துப் பாருங்கள்: 90. மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், இளமையில் ரப்பர் மாதிரி. ரத்தம் பாயும்போது விரிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் மேல் அளவு எகிறாது. அப்புறம் மெல்லச் சுருங்கி, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ரத்தத்தை முன்னே தள்ளும். அதனால் கீழ் அளவு விழாது. வயதாக ஆகக் குழாய் விறைத்துப்போனால் இந்த இரண்டு வேலையும் கெடும். மேலது ஏறும், கீழது இறங்கும். ஆக, அந்த 68 நல்ல செய்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வயதானவர்களுக்கு இடைவெளி 60-ஐத் தாண்டியே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகுதி, மகாதமனி வால்வுக் கசிவு ஆகியவற்றாலும் இது விரியும்.

சுருங்குவதும் உண்டு. மேல் அளவில் கால் பங்குக்கும் கீழே போனால் குறைவு. 100/82 என்றால் இடைவெளி 18தான். ரத்த இழப்பு, இதயம் பலவீனமாவது போன்ற காரணங்கள் இருக்கலாம். டெங்குவில் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே சுருங்குவதை அதிர்ச்சி நிலையின் (ஷாக், உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் கிடைக்காத ஆபத்தான நிலை) அடையாளமாகவே டாக்டர்கள் பார்க்கிறார்கள். மேல் அளவு அப்போது சாதாரணமாகத் தெரியலாம்.

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் மட்டும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்ற நாட்களில் காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போட மறக்காதீர்கள்.