சிம் ரேசிங் லீக்ல கடைசி ஆளுக்கும் சண்டை போட ஆள் வேணும்: போட்டியை சமன் பண்றது எப்படி

சிம் ரேசிங், அதாவது கம்ப்யூட்டர்ல வீலும் பெடலும் வச்சு ஆன்லைன்ல ஓட்டுற கார் ரேஸ், அதுக்கு ஒரு லீக் ஆரம்பிக்கிறது ரொம்ப ஈசி. ஒரு வாட்ஸ்அப் குரூப், சிங்கப்பூர்ல ஒரு சர்வர் வாடகைக்கு, ஆளுக்கு பத்து இருபது வெள்ளி, முடிஞ்சது கதை. மூனாவது ரவுண்டுல தான் விஷயம் வெளிய வரும், ஒரே ஆள் மூனு ரேஸையும் அசால்ட்டா ஜெயிச்சிருப்பாரு, கடைசி ஆறு பேரு ஒரு லேப் பின்னாடி தனித்தனியா சும்மா சுத்திட்டு இருப்பாங்க, நாலாவது ரவுண்டு வந்தா அந்த ஆறுல நாலு பேருக்கு திடீர்னு சொந்தக்காரங்க வீட்டுல விசேஷம். கேஎல், கிள்ளான், பட்டர்வொர்த்துன்னு நம்மாளுங்க நடத்துற லீக் நிறைய இப்படித்தான் படுத்துக்குது.

இதுக்கு எல்லாரும் உடனே சொல்ற வைத்தியம், "அண்ணே, முதல்ல வர்றவன் காடியில எடை ஏத்துங்க, சரியாயிடும்". சரியாகாது தம்பி. ஏழு மாசம் உக்காந்து பழகி வேகமா ஓட்டுறவனை மட்டும் பிடிச்சு இழுத்தா அவனும் கடுப்பாகி கிளம்பிருவான், பின்னாடி இருக்கறவனும் அப்பவும் பின்னாடி தான் இருப்பான். கிரிட்ல எந்த இடத்துல இருந்தாலும் முன்னாடி பிடிக்க ஒரு ஆளு, பின்னாடி துரத்த ஒரு ஆளு இருக்கணும், நம்ம வேலை அவ்வளவு தான். பதினாலாவது இடத்துக்கு அடிச்சுக்கறவனும் ரேஸ் முடிஞ்சு மாமாக் கடைக்கு போயி அதை பத்தி பேசணும்.

முதல்ல காடியை பாருங்க, ஆளை அப்புறம் பாத்துக்கலாம், ரெண்டையும் ஒன்னா நோண்டினா எது வேலை செஞ்சுச்சுன்னே தெரியாது. தலைவலியே வேணாம்னா ஒரே காடி சீசன் போட்டுருங்க, எல்லாருக்கும் அதே போர்ஷே கப் இல்லன்னா மஸ்டா எம்எக்ஸ்-5, "என் காடி ஸ்லோ"ன்னு ஒருத்தனும் வாய தொறக்க முடியாது. ஆனா ஒருத்தனுக்கு ஃபெராரி வேணும் இன்னொருத்தனுக்கு பிஎம்டபிள்யூ வேணும்னு ஆசை இருக்கும்ல, அப்போ ஜிடி3 தான் வழி, பல கம்பெனி ஸ்போர்ட்ஸ் காடிங்க ஒன்னா ஓடற ரேஸ் பிரிவு அது. நான் இங்க அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனேவை வச்சு சொல்றேன், சுருக்கமா ஏசிசி, மத்த கேம்லயும் கணக்கு இதே தான். அதுல பிஓபி, அதாவது பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், உள்ளயே இருக்கு, ஒவ்வொரு டிராக்குக்கும் ஒவ்வொரு காடிக்கும் எடையும் பவரும் ஏத்தி இறக்கி கிட்டத்தட்ட ஒரே லேப் டைமுக்கு கொண்டு வந்து வச்சிருப்பாங்க. கிட்டத்தட்ட தான், அச்சு அசலா இல்ல. மோன்சா மாதிரி நேர் ரோடு அதிகமா உள்ள இடத்துல ஒரு காடி தூக்கும், வளைவு அதிகமா உள்ள இடத்துல இன்னொன்னு தூக்கும்.

சந்தேகம் இருந்தா வாயால சண்டை போடாம அளந்து பாருங்க. ஒரே லெவல்ல ஓட்டுற மூனு பேரை கூப்பிட்டு, அதே டிராக், அதே வெயில், அதே பெட்ரோல் அளவு வச்சு, ஆளுக்கு ஒவ்வொரு காடியிலயும் 12 லேப் ஓட விடுங்க. முதல் ரெண்டு லேப்பை தள்ளிட்டு மிச்சத்துல நல்லா வந்த 5 லேப்போட சராசரியை எடுங்க. ஒரே ஒரு சூப்பர் லேப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுல தெரியறது ஆளோட கை, காடியோட வேகம் இல்ல. மூனு பேருக்கும் ஒரே காடி தான் மெதுவா வருதுன்னா அப்போ தான் அது காடி பிரச்சனை. வித்தியாசம் 0.2 செகண்டுக்கு உள்ள இருந்தா தொடாம விட்டுருங்க, அதுக்கெல்லாம் எடை மாத்த ஆரம்பிச்சா சீசன் முழுக்க அதே வேலையா போயிடும். அதுக்கு பதிலா ஒரே மாடலை 4 பேருக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு ஒரு வரி போட்டா பாதி புலம்பல் அங்கயே நின்னுரும்.

இப்போ ஆளுங்க. ஐரேசிங்னு இன்னொரு கேம், அதோட அஃபிஷியல் ரேஸ்ல ஆளோட திறமைக்கு போடற ஐரேட்டிங் மார்க்கை பாத்து தானாவே கூட்டத்தை பிரிச்சிரும், நம்ம லீக்ல அதை நாம தான் பண்ணணும். சீசனுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் டிரையல் வைங்க, எல்லாருக்கும் ஒரே காடி, ஒரே செட்டப் (காடியோட டயர், சஸ்பென்ஷன் மாதிரி செட்டிங்). முதல் ஆளோட சராசரி 2:05ன்னு வைங்க, அதுல 102 சதவீதம்னா 2:07.5, அது வரைக்கும் உள்ளவங்க ப்ரோ. 104 சதவீதம்னா 2:10, அது வரைக்கும் சில்வர், அதுக்கு மேல அமெச்சூர். ரியல் ஜிடி3 ரேஸ்ல பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸுன்னு டிரைவருங்களை பிரிக்கிறாங்க இல்லையா, அதே யோசனை தான். பிரிவுக்கு கோடு எங்க போடறதுங்கறது உங்க ஆளுங்களை பொறுத்தது, ஆனா ஒவ்வொரு பிரிவுலயும் குறைஞ்சது ஆறு பேராவது இருக்கணும், மூனு பேரு மட்டும் இருந்தா வந்தவனுக்கெல்லாம் கோப்பை தான். எல்லாரும் ஒரே ரேஸ்ல ஓடட்டும், பாயிண்டு மட்டும் பிரிவுக்கு பிரிவு தனி. ஆள் நாப்பது தாண்டினா ரெண்டு சர்வரா பிரிச்சுக்கலாம், அது வரைக்கும் வேணாம், கூட்டம் குறைஞ்சா கலகலப்பு போயிடும்.

டைம் டிரையல்ல வேணும்னே மெதுவா ஓட்டி கீழ் பிரிவுல ஒளியற கில்லாடிங்க எல்லா ஊர்லயும் உண்டு. அதனால "ரெண்டு ரவுண்டு முடிஞ்சதும் ரேஸ் வேகத்தை பாத்து ஆளை மேல மட்டும் ஏத்துவோம், கீழ இறக்க மாட்டோம், கீழ் பிரிவுல எடுத்த பாயிண்டு கூடவே வராது"ன்னு முன்கூட்டியே எழுதி பின் பண்ணி வைங்க. அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம். பாயிண்டும் கூடவே வரும்னா ஒளியறதுல நஷ்டமே இல்ல.

சரி, எல்லாரும் கேக்கற எடைக்கு வருவோம். ஜெயிச்சவனுக்கு எடை ஏத்தறது கேம்ல கண்டுபிடிச்சது இல்ல, ஜப்பான்காரனோட சூப்பர் ஜிடில பல வருஷமா இருக்கு. 2013 வரைக்கும் செப்பாங்குக்கு வந்துட்டு இருந்து அப்புறம் 2025ல திரும்பி வந்துச்சே, அதே சீரிஸ் தான். அங்க எடுத்த ஒவ்வொரு பாயிண்டுக்கும் 2 கிலோ, கடைசிக்கு முந்தின ரவுண்டுல அது பாதி, கடைசி ரவுண்டுல சைபர். இதுல ரெண்டு விஷயம் நல்லா யோசிச்சு வச்சிருக்காங்க. போன ரேஸ் ரிசல்ட்ல எடை தொங்கல, மொத்த பாயிண்டுல தொங்குது. "போன ரேஸ்ல முதல் ஆளுக்கு 15 கிலோ, ரெண்டாவது ஆளுக்கு 10 கிலோ, கீழ வந்தா இறக்கிடுவோம்"னு நம்மாளுங்க போடற கணக்குல என்ன ஆகும்னா, தனக்கு ஒத்துவராத டிராக்குல ஒருத்தன் வேணும்னே பத்தாவதா வந்து எடையை கழட்டிட்டு அடுத்த ரேஸ்ல பறப்பான். பாயிண்டு கணக்குன்னா மெதுவா ஓட்டினா பாயிண்டும் போகும், யாரும் பண்ண மாட்டான். ரெண்டாவது, கடைசி ரவுண்டுல எல்லாரும் சுத்தமான காடியில ஓடி கப்பை முடிவு பண்றாங்க, யாரும் "எடையால தான் தோத்தேன்"னு சொல்ல முடியாது.

நம்ம லீக்ல பாயிண்டுக்கு 2 கிலோ ரொம்ப அதிகம், ஏன்னா நாம 25, 18, 15ன்னு எஃப்1 பாயிண்டு தான் பெரும்பாலும் போடறோம், ரெண்டு வெற்றியிலயே 100 கிலோ ஏறிடும். நாலு பாயிண்டுக்கு 1 கிலோ, அதிகபட்சம் 30 கிலோ, இது போதும். 30 கிலோ உங்க காடிக்கு எவ்வளவுன்னு முதல்ல ஓட்டி அளந்துருங்க, எஃப்1ல 10 கிலோவுக்கு லேப்புக்கு 0.3 செகண்டு கிட்டத்தட்ட போகும்னு சொல்வாங்க, அதை அப்படியே தூக்கி ஜிடி3க்கு போடக்கூடாது. முதல் ஆளுக்கும் மூனாவது ஆளுக்கும் லேப்புக்கு அரை செகண்டு வித்தியாசம்னா அதுல பாதியை மட்டும் எடை திருப்பி எடுக்கணும், முழுசா எடுத்தா வேகமா ஓட்டி என்ன பிரயோஜனம். ஏசிசி சர்வர்ல என்ட்ரி லிஸ்ட் ஃபைல்ல ஒவ்வொரு ஆளுக்கும் கிலோ கணக்குல பாலஸ்ட்டும் (கூடுதல் எடை) சதவீதத்துல ரெஸ்டிரிக்டரும் (இன்ஜின் பவரை குறைக்கறது) தனித்தனியா போடலாம். ரெஸ்டிரிக்டரை தொடாதீங்கன்னு தான் நான் சொல்வேன். எடை போட்டா பிரேக்குலயும் வளைவுலயும் டயர்லயும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் போகும், ரெஸ்டிரிக்டர் போட்டா நேர் ரோட்டுல மட்டும் செத்துப்போவான், வளைவுல வேகமா இருந்தும் ஓவர்டேக் பண்ண முடியாம பிரேக்குல கண்ண மூடிட்டு உள்ள விடுவான், அப்புறம் புகாரை விசாரிக்கற ஸ்டூவர்டு தலையில விடியும். ஃபைலை மாத்தினதும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா பழைய எடையிலயே ஓடிட்டு இருப்பாங்க. பிராக்டிஸ் சர்வர்லயும் அதே எடை இருக்கணும்.

எடை பிடிக்கலன்னா ரிவர்ஸ் கிரிட். ஒரே நைட்ல தலா 25 நிமிஷம் ரெண்டு ரேஸ், முதல் ரேஸ்ல வந்த முதல் 8 பேரை ரெண்டாவது ரேஸ்ல திருப்பி நிறுத்துங்க. எஃப்1க்கு அடுத்த படியான எஃப்2ல, ஸ்பிரின்ட்ங்கற சின்ன ரேஸுக்கு குவாலிஃபையிங் முதல் 10 பேரை இப்படித்தான் திருப்பறாங்க. மொத்த கிரிட்டையும் திருப்பாதீங்க, வேகமான ஆளுங்க எல்லாரும் புது பசங்க கூட்டத்துக்குள்ள பூந்து வரணும்னா முதல் லேப்லயே பாதி காடி நொறுங்கிடும்.

நொறுங்கறதுன்னு சொன்னதும் செப்பாங் ஞாபகம் வருது, மோட் (வெளிய இருந்து கேம்ல சேர்க்கற டிராக்) போட்டு ஓட்டுறவங்களுக்கு தெரியும். முதல் வளைவு வலது பக்கம் நீளமா போயி உள்ள இறுகிட்டே வரும், உடனே ரெண்டாவது வளைவு இடது பக்கம் மடக்கும். முதல் வளைவுல வெளிப்பக்கம் இருந்தவன் ரெண்டாவதுல உள்பக்கம் ஆயிடுவான், முன்னாடி போறவனுக்கு அவன் பக்கத்துல இருக்கறதே தெரியாது, மூடிருவான், டமால். இந்த மாதிரி இடத்துல யாரு தப்புன்னு வாட்ஸ்அப்ல ஓட்டு போட்டு முடிவு பண்ணாதீங்க, அங்க ஃப்ரெண்டு அதிகம் உள்ளவன் தான் ஜெயிப்பான். மூனு ஸ்டூவர்டு, தன் கேஸ்ல தானே உக்காரக்கூடாது, தன் டீம் கேஸ்லயும் கூடாது. புகார் 24 மணி நேரத்துக்கு அப்புறம், 48க்கு முன்னாடி, அந்த ஒரு நாள் இடைவெளியில பாதி பேருக்கு கோவம் தணிஞ்சிரும். லேப் நம்பர், வளைவு, ரீப்ளே கிளிப், மூனும் இல்லாம வந்தா பாக்கவே பாக்காதீங்க. மூனு பேரும் ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்காம தனியா எழுதிட்டு அப்புறம் சேர்த்து பாக்கணும். இடிச்சு பிடிச்ச இடத்தை ஒரு லேப்புக்குள்ள திருப்பி குடுத்துட்டா தண்டனை பாதியா குறையும்னு போடுங்க, டிராக்லயே சாரி சொல்லி இடம் விடற பழக்கம் தானா வரும்.

இன்டர்நெட் லைனை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா பினாங்கு தீவுல இருக்கறவனுக்கும் கேஎல்ல இருக்கறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, வைஃபைல ஓட்டுறவனால தான் பிரச்சனை, காடி குதிச்சு குதிச்சு வரும், பக்கத்துல போகவே பயமா இருக்கும். கேபிள் கட்டாயம்னு போடுங்க. வீலு, பெடலு விலையை சமன் பண்ண பாக்காதீங்க, 800 வெள்ளி வீல்ல ஓட்டி விலை கூடின டைரக்ட் டிரைவ் வீல் வச்சிருக்கறவனை அடிக்கறவன் நிறைய பேரு இருக்கான். செட்டப் மட்டும் பிரச்சனை, டீம்ல ஆள் உள்ளவனுக்கு கிடைக்கும் தனியா வர்றவனுக்கு கிடைக்காது, அதனால ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு நல்ல செட்டப்பை லீக்கே எல்லாருக்கும் குடுத்துரட்டும்.

பாயிண்டுல ஆளுக்கு மோசமான ஒரு ரவுண்டை கழிச்சுக்கலாம்னு வைங்க, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் விழுந்தவன் அதோட சீசனை விட்டுட்டு போக மாட்டான். ரெண்டுக்கு மேல கழிக்காதீங்க. 1988 எஃப்1ல 16 ரேஸ்ல நல்ல 11 தான் கணக்கு, மொத்தமா புரோஸ்ட் 105, சென்னா 94, கழிச்சா சென்னா 90, புரோஸ்ட் 87, கப்பு சென்னாவுக்கு. அவங்களுக்கே அவ்வளவு வாக்குவாதம்னா நம்ம குரூப்ல என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. புவாசா மாசத்துல ரேஸை தெராவே தொழுகை முடிஞ்சு பத்தரைக்கு தள்ளுங்க, தைப்பூச வாரத்துல ரவுண்டே வைக்காதீங்க, காலண்டரை சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரையும் கேட்டு பூட்டிருங்க, எடை லிஸ்ட்டை ரேஸுக்கு மூனு நாள் முன்னாடி போட்டுருங்க, அதுக்கு அப்புறம் யாரு போன் அடிச்சு "அண்ணே, ஒரு அஞ்சு கிலோ மட்டும்"னு கேட்டாலும் அடுத்த ரவுண்டுல பாக்கலாம்னு சொல்லிருங்க.