வீட்டில் புண் கழுவ ஏற்ற சிரிஞ்ச் எது, கழுவுவது எப்படி

சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவரைச் சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "தினமும் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) விட்டுக் கழுவிக் கட்டுங்கள்" என்று சொல்வது வழக்கம். வீட்டார் மருந்துக்கடையில் சிரிஞ்ச் என்று மட்டும் கேட்டால், ஊசி போட உதவும் 5 மி.லி. சிரிஞ்சே கைக்கு வரும். புண் கழுவ அது ஏற்றதல்ல.

காரணம் எளியது. கட்டைவிரலின் அழுத்தம் ஒன்றே என்றாலும், சிரிஞ்சின் குழல் குறுகக் குறுக, உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் கூடும். சதுர அங்குலத்துக்கு 4 முதல் 15 பவுண்டு வரையிலான அழுத்தம் போதுமானது. அதற்குக் குறைந்தால் அழுக்கும் கிருமியும் ஒட்டியபடியே இருக்கும், கூடினால் அவை தசைக்குள் தள்ளப்படும். 35 மி.லி. சிரிஞ்சும் 19 கேஜ் (துளையின் அளவைக் குறிக்கும் எண்) முனையும் சேர்ந்தால் ஏறக்குறைய 8 பவுண்டு கிடைக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை 20, 50 மி.லி. அளவுகள், வீட்டில் கழுவுவோர் 50 மி.லி. வாங்குவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. முனை திருகிப் பூட்டும் வகையாக இருந்தால், அழுத்தும்போது கழன்று தெறிக்காது. கூர் ஊசியை ஒருபோதும் மாட்ட வேண்டாம். எந்த முனை வேண்டும் என்பதைக் கட்டுப் போடும் செவிலியரிடமே கேட்டு, ஒருமுறை அவர் செய்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்த புதுத் தசை வளர்ந்துவரும் புண்ணுக்கு மென்மையாக ஊற்றுவதே போதும்.

கழுவ 0.9 சதவீத சலைன் நல்லது. குடிக்கத் தகுந்த தூய நீரும் ஏற்றதே. ஆனால் தொட்டியிலும் சம்பிலும் தேங்கிய தண்ணீரை அப்படியே பயன்படுத்தாமல், கொதிக்க வைத்து ஆறவிட்டே எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடையோ, நீர்க்காத பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியையோ நல்லெண்ணத்தோடு ஊற்றுபவர்கள், ஆறிவரும் தசையையே அரிக்கிறார்கள். திறந்த சலைன் பாட்டிலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள். கழுவுமுன் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் நோயாளிக்குக் குளிர் உறைக்காது.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கையுறை, முகக்கவசம் அணிந்து, காலுக்கடியில் பேசின் வையுங்கள். சிரிஞ்ச் முனை புண்ணிலிருந்து சுமார் 2 முதல் 5 செ.மீ. உயரத்தில் நிற்க, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு நீர் ஓடும்படி, வழியும் நீர் தெளியும் வரை சீராக அழுத்துங்கள். புதிய வெட்டுக்காயத்துக்கு ஒரு செ.மீ. நீளத்துக்கு 50 முதல் 100 மி.லி. என்பது பொதுவான அளவு. சுற்றுத் தோலை மட்டும் சுத்தமான காஸ் துணியால் ஒற்றியெடுங்கள்.

ஆழமாகக் குத்திய காயம், எலும்போ தசைநாரோ தெரியும் புண், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றை வீட்டில் தொட வேண்டாம். நாய்க்கடி என்றால் சிரிஞ்சைத் தேடி நிற்காமல், ஓடும் குழாய் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமலே போகலாம் என்பதால், துர்நாற்றம், கருமை, பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு முறை பயன்படுத்திய சிரிஞ்சை அலசி மறுநாளுக்கு எடுத்துவைக்காமல், கனமான பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.