விண்வெளியில் காற்றும் நீரும் மறுசுழற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் ஒரு கிலோ. இந்த வரவு செலவைக் காகிதத்தில் நேர்செய்துவிடலாம். சிக்கலெல்லாம் கணக்கில் ஏறாத சில்லறைப் பொருட்களால்தான் வருகிறது.

முதல் தவறு, தரையில் இருப்பவர்களின் சிறுநீரை வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2008-இல் போன சிறுநீர் வடிகலன் 85% நீரை மீட்கும் என்று வடிவமைக்கப்பட்டது. ஆனால் எடையற்ற நிலையில் எலும்பு கரைவதால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. சிறுநீர் கெடாமலிருக்கக் கலந்த கந்தக அமிலத்தின் சல்ஃபேட்டோடு அது சேர்ந்து, கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்து கலனை அடைத்தது. நீரை எவ்வளவு உறிஞ்சுகிறோமோ அவ்வளவு கழிவுநீர் செறிவாகும், படிவும் விழும். எனவே மீட்பை 75 சதவீதத்துக்கும் கீழே இறக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகே பழைய இலக்கு கைக்கு வந்தது. மீட்பு விகிதத்தை ஏற்றுமுன் எந்த உப்பு முதலில் படியும் என்று பாருங்கள்.

சோப்பு, கிரீம், பசை போன்றவற்றைத் தண்ணீரோடு தொடர்பில்லாதவை என்று விட்டுவிடுவதும் தவறு. 2010-இல் நிலையத்தின் குடிநீரில் கரிமக் கார்பன் அளவு ஏறியது. இப்படிப்பட்ட பொருட்களிலுள்ள சிலிகான் சேர்மங்கள் காற்றில் ஆவியாகி, குளிர்விப்பானில் நீரோடு இறங்கி, டைமெத்தில்சிலேன்டையால் என்ற நீரில் கரையும் சேர்மமாக வடிகட்டிகளைத் தாண்டியிருந்தன. காற்றிலேயே கரி வடிகட்டி வைத்துப் பிடிப்பதுதான் மலிவு.

கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து நீரும் மீத்தேனுமாக மாற்றும் சபாட்டியே கலன் இருந்தால் ஆக்சிஜன் சுழற்சி முடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டால் தெரியும்: 840 கிராம் ஆக்சிஜனுக்கு நீரைப் பிரித்தால் 105 கிராம் ஹைட்ரஜன்தான் கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒன்றுக்கு ஹைட்ரஜன் நான்கு தேவை. ஆக, மிஞ்சிப்போனால் 580 கிராம் கார்பன் டை ஆக்சைடைத்தான் மாற்றலாம். விளையும் மீத்தேனை வெளியேற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜனும் போச்சு.

காற்றாடியைச் சிக்கனப்படுத்தவே கூடாது. ஈர்ப்பு இல்லாத இடத்தில் சூடான மூச்சு மேலே எழாது. தூங்குபவர் முகத்தருகே தேங்கித் தலைவலி தரும்.

செடிகளை நம்புபவர்கள் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் செடிகளோடு மூடி அடைத்த சோதனைக் கூடமான பயோஸ்பியர் 2-இல் 1991-இல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். வளமான மண்ணின் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்றன. அளவு 21 சதவீதத்திலிருந்து சுமார் 14-க்கு இறங்கி, 1993 ஜனவரியில் வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. நுண்ணுயிரிகள் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் காரணம் எளிதில் பிடிபடவில்லை. விண்வெளியில் மண்ணில்லாச் சாகுபடியே நல்லது. அதிலும் மொத்தப் பயிரையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். அறுவடையன்று ஆக்சிஜன் வரத்தும் நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள்.